இன்று பன்னிரண்டு மணிக்குப் பள்ளி விடும்

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் ஃபோனை முழுசாகக் கேட்கிற பெற்றோர் அந்த வட்டாரத்தில் அபூர்வம். பேசுவது மெஷின். தலைமையாசிரியர் விடியற்காலையில் தொண்டையைச் செருமிக்கொண்டு பதிவு செய்த குரல். "வணக்கம், இது ஒரு முக்கியமான அறிவிப்பு" என்பதற்குள்ளேயே சனங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். பனி கொட்டுகிறதா, கொட்டுகிறது, அப்படியென்றால் இன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்று கட் செய்துவிட்டு மறுபடி போர்த்திக்கொள்வார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. தொப்பி போட்டுக்கொண்டு வரும் நாள், புத்தகக் கண்காட்சி, பேன் பரவுகிறது பிள்ளைகளின் தலையைப் பாருங்கள் என்று எதற்கெடுத்தாலும் அதே மெஷின்தான் கூப்பிட்டு உயிரை வாங்கும்.

லைல் ஒல்லிலா ஒருத்தன்தான் கடைசி வரைக்கும் கேட்பான். "நன்றி, பத்திரமாக இருங்கள்" என்று குரல் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஃபோனைக் காதிலேயே வைத்திருப்பான். இத்தனைக்கும் அவன் இருந்தது அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டுகிற தூரத்தில். பனி மேல் ஓட்டுகிற ஸ்கூட்டர்களைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறை, அதன் மாடியில் ஒற்றை அறை. பேன் அறிவிப்பு வந்தால்கூட விட மாட்டான். தன் தலையில் பேன் இல்லை, அறையில் வேறு தலையும் இல்லை, ஆனாலும் மனுஷன் கவனமாகக் கேட்டுக்கொள்வான்.

மகள் கைசா அந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படித்தாள். விவாகரத்துக்குப் பிறகு பிள்ளை தாயோடு இருந்தாள். தாய் டோரிக்குச் சிறைச்சாலையில் காவலர் வேலை. உள்ளே போகும்போது ஃபோனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பள்ளிக்கூடம் நூறு தடவை கூப்பிட்டாலும் லாக்கருக்குள்தான் மணி அடிக்கும். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. புயல் நாளில் அடுத்த ஷிப்டுக்கு ஆள் வந்து சேர மாட்டான், இருக்கிற ஆளை அப்படியே இன்னொரு ஷிப்டுக்கு நிறுத்தி வைத்துவிடுவார்கள். ஆக, என்றைக்குப் பள்ளியைச் சீக்கிரம் விடுகிறார்களோ அன்றைக்குத்தான் தாய் வீடு திரும்ப முடியாது.

அதற்குத்தான் அந்த ஏற்பாடு. அறிவிப்பு லைலுக்கு வரும். லைல் உடனே டோரியின் பக்கத்து வீட்டுக் கார்லா பெர்டூச்சியைக் கூப்பிடுவான். சாவி கார்லாவிடம் இருக்கும். அவள் பஸ் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்று பிள்ளையை இறக்கி உள்ளே கூட்டிப்போவாள். பள்ளிக்கூடமே நேராகக் கார்லாவைக் கூப்பிட்டுத் தொலைக்கக் கூடாதா என்று கேட்கலாம். கார்லா அந்தப் பள்ளியின் சமையலறையில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இனி ஜென்மத்துக்கும் எந்தத் தலைமையாசிரியர் குரலும் என் காதில் விழக் கூடாது என்று சபதம் எடுத்திருந்தாள்.

"என்ன மந்திரி, இன்னிக்கு என்ன உத்தரவு?" என்றுதான் ஃபோனை எடுப்பாள்.

"ஒரு மணிக்கு விடறாங்களாம், கார்லா. பஸ் ஒன்னே முக்காலுக்கு வந்துடும்."

"சரி, நிக்கறேன். வெச்சிடவா?"

"இருங்க, இருங்க. காலைல ஸ்கூலுக்குப் போறப்ப பாத்தீங்களா அவள? கோட்டு ஜிப்பு போட்டிருந்தாளா?"

"நான் என்ன அவ கோட்டுக்குக் காவலா? எனக்கு அடுப்புல சூப் இருக்கு."

"சும்மாதான் கேட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும். "ஜிப்பு போடல. தொப்பியக் கையில சுத்திக்கிட்டே போனா. முன்னாடி பல்லு ஒன்னு ஆடுதுன்னு என்கிட்ட வந்து ஆட்டிக் காட்டினா. போதுமா? போய் வேலயப் பாரு."

போதும். அந்த வாரம் முழுக்க அவனுக்கு அது போதும். ஸ்கூட்டர் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, ஆடுகிற அந்தப் பல்லையே நினைத்துக்கொண்டிருப்பான். மற்றபடி அவனோடு பேச அந்த ஊரில் யாரும் கிடையாது. பட்டறை முதலாளி மார்வ் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் லைல் டின்னிலிருந்து பீன்ஸை நின்றபடியே தின்றுவிட்டு, கழுவ ஒரு தட்டுகூட இல்லாமல் மத்தியானம் முழுக்கப் படுத்துக் கிடப்பான். தனிமை என்றால் என்னவென்று அவனைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை என்றுதான் சொல்லியிருப்பான்.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளிக்கிழமை போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்து ஞாயிறு கொண்டுபோய் விடலாம் என்பது கோர்ட் சொன்ன கணக்கு. பனிக்குக் கோர்ட் எல்லாம் தெரியாது. பிப்ரவரியில் அவன் முறை வந்த வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் சாலையை மூடிவிட்டார்கள். ஃபோனில் பேசலாம்தான். ஏழு வயசுப் பிள்ளை ஃபோனில் என்ன பேசும்? "ம்" என்னும், "சரிப்பா" என்னும், நடுவில் டிவி பக்கம் திரும்பிவிடும். கடைசியாகப் பேசியபோது அவளாகச் சொன்ன ஒரே சேதி, டேரன் பான்கேக்கைக் கரடி வடிவத்தில் சுடுகிறான் என்பதுதான். டேரன், வீடுகளுக்குச் சூடேற்றும் கேஸ் நிரப்புகிற லாரி ஓட்டுபவன். டோரி வீட்டுக்கு வந்து போகிறான் என்று லைலுக்குத் தெரியும். வருகிறவன் போகிறானா என்பதை அவன் யாரிடமும் கேட்கவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, லைல் ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் படுத்திருந்தபோது ஃபோன் அடித்தது. கிரீஸ் கையோடு எடுத்துக் காதில் வைத்தான்.

ஏரிப் பக்கமிருந்து கடும் பனிப்புயல் வருவதால் இன்று பன்னிரண்டு மணிக்குப் பள்ளி விடும் என்றது குரல். பஸ்கள் உடனே கிளம்பும். பஸ் வரும் நேரத்தில் வீட்டில் பெரியவர் ஒருவர் இருப்பதை உறுதி செய்துகொள்ளவும். நன்றி, பத்திரமாக இருங்கள்.

லைல் கையைத் துடைத்துக்கொண்டு கார்லாவின் எண்ணை எடுத்துவிட்டான். கட்டைவிரலை அழுத்துவதுதான் பாக்கி. அப்போது பட்டறை ஷட்டருக்கு வெளியே பார்த்தான். பளீரென்று வெயில். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் ஒருவர் என்கிறார்களே, நானும் பெரியவன்தானே என்று தோன்றியது.

அந்த எண்ணம் வந்ததுமே மனசு தானாக மீதிப் படத்தை ஓட்டிக் காட்டிவிட்டது. பஸ் கதவு திறக்கிறது. கைசா இறங்குகிறாள். வாசலில் கார்லா இல்லை, அப்பா நிற்கிறார். முதலில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, அப்புறம் பையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறாள். ஒரே ஒரு தடவை, தகவல் சொல்கிறவனாக இல்லாமல் வாசலில் நிற்கிறவனாக இருந்துவிட வேண்டும். கார்லாவைக் கூப்பிட்டால் அவள் முன்னால் வந்து நின்றுவிடுவாள். பிறகு இவன் போய்ச் சேர்ந்தால் விருந்தாளி.

அவன் கார்லாவைக் கூப்பிடவில்லை. மறந்துவிட்டான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபோனைச் சட்டைப் பைக்குள் அவனேதான் போட்டுக்கொண்டான்.

"மார்வ், நான் கெளம்பணும். பொண்ணோட ஸ்கூல சீக்கிரம் விடறாங்க."

மார்வ் தலையைத் தூக்கினார். "எப்பவும் ஃபோன்லயே போயிட்டு வந்துடுவியே."

"இன்னிக்கு நேர்ல போறேன்."

"ஏரிப் பக்கம் மோசமாமே. ரேடியோல சொன்னான்."

"வெயில் அடிக்குது பாருங்க."

மார்வ் மறுபடி வேலைக்குக் குனிந்துகொண்டார். அந்தப் பிரதேசத்தில் பிறந்த எவனும் அப்படி ஒரு பேச்சைப் பேச மாட்டான். ஏரிப் பனி பாய் விரித்த மாதிரி எல்லா இடத்திலும் கொட்டுவதில்லை, பட்டை பட்டையாகத்தான் விழும். இங்கே வெயில் காயும், பத்து மைல் தள்ளி நீட்டிய கை தெரியாது. இதையே வேறொருவன் சொல்லியிருந்தால் லைல் அவனை மடையன் என்று திட்டியிருப்பான். ஆசை வந்துவிட்டால் மனுஷனுக்குத் தனக்குத் தெரிந்ததுகூடத் தெரியாமல் போய்விடுகிறது.

கிளம்பி முக்கால் மணி நேரம் சாலை சுத்தமாக இருந்தது. லைல் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினான். பிள்ளை வந்ததும் ரொட்டிக்கு நடுவில் சீஸ் வைத்துச் சுட்டுத் தர வேண்டும், சாவி வாங்கக் கார்லாவை எழுப்பினால் திட்டுவாள், திட்டட்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு போனான். காட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் மேட்டில் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. அதைத் தாண்டினால் நெடுந்தூரத்துக்கு ஃபோன் எடுக்காது என்பது ஊரறிந்த விஷயம். அவன் அங்கே வந்தபோது கண்ணாடியில் முதல் பனித்துகள்கள் விழுந்தன. மேற்கே வானம் சாம்பல் நிறமாகி, தரைக்கும் மேகத்துக்கும் வித்தியாசமில்லாமல் போயிருந்தது.

வண்டியின் வேகத்தைக் குறைத்தான். இப்போதுகூடக் கார்லாவைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் இவ்வளவு நேரம் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பாளே, என்ன சொல்வது? இன்னும் நேரமிருக்கிறது, போய்விடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மேட்டைத் தாண்டிவிட்டான். அடப்பாவி, அந்த ஒரு நிமிஷம் நிறுத்தியிருக்கக் கூடாதா?

காட்டுக்குள் பத்து நிமிஷத்தில் உலகமே வெள்ளையாகிவிட்டது. வண்டியின் மூக்கு தெரியவில்லை. பனி தள்ளும் லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது, அதன் மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்தான். பிறகு அந்த விளக்கும் நின்றது. மரம் ஏற்றிய லாரி ஒன்று வழுக்கிச் சாலைக்குக் குறுக்கே படுத்துவிட்டது. கடிகாரத்தில் பன்னிரண்டேகால். பஸ் இந்நேரம் பள்ளி வாசலை விட்டுக் கிளம்பியிருக்கும்.

ஃபோனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் இல்லை. வண்டியை விட்டு இறங்கி, கையை உயர்த்திப் பிடித்துப் பார்த்தான். இல்லை. அங்கேயும் இங்கேயும் நடந்து பார்த்தான். பனி கண்ணுக்குள் குத்தியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் அவனுக்குத் தான் செய்த காரியம் முழுசாகப் புரிந்தது. பாலர் வகுப்புப் பிள்ளையாக இருந்தால் வாசலில் பெரியவர் யாரும் தெரியாவிட்டால் டிரைவர் இறக்கிவிட மாட்டார், திரும்பப் பள்ளிக்கே கொண்டுபோய்விடுவார். இரண்டாம் வகுப்புக்கு அந்த விதி கிடையாது. கைசா இறங்குவாள், பஸ் போய்விடும். வீடு பூட்டியிருக்கும். கார்லா மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுப்பவள், மூன்று மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டாள், இடி விழுந்தாலும் தெரியாது. இவன் கூப்பிட்டுச் சொல்கிற நாளில் மட்டும்தான் படுக்காமல் உட்கார்ந்திருப்பாள். ஏழு வயசுப் பிள்ளை ஒன்று பூட்டிய கதவுக்கு முன்னால், இந்தக் குளிரில், கோட்டு ஜிப்பைக்கூடப் போடாமல் நிற்கும்.

மரலாரிக்காரர் தாடியெல்லாம் பனியோடு ஒவ்வொரு வண்டியாக வந்து கண்ணாடியைத் தட்டிச் சொல்லிக்கொண்டு போனார். "இழுக்கற வண்டி வரணும். ஒரு மணி நேரமாவது ஆகும். காபி இருக்கு, வேணுமா?"

"உங்க வண்டில வயர்லெஸ் இருக்கா? என் பொண்ணு வீட்டு வாசல்ல தனியா நிக்கறா."

"இங்கேர்ந்து பக்கத்து லாரிக்குத்தான் கேக்கும், ஊருக்குக் கேக்காது. வீட்டுல யாரும் இல்லையா?"

"இல்ல."

"பக்கத்துல இருக்கறவங்களுக்காவது தெரியும்ல, பள்ளிக்கூடம் விட்டது?"

லைல் ஸ்டியரிங்கைப் பார்த்தான். "நான்தான் சொல்லணும். சொல்லல."

அந்த மனுஷர் திரும்பிப் பனி தள்ளும் லாரியை நோக்கி நடந்தார். போய் அந்த டிரைவரிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். ரொம்ப நேரம் கழித்து அந்த லாரி ரிவர்ஸ் எடுத்து, ஓரத்துப் பள்ளத்துப் பக்கமாக ஒரு கார் நுழைகிற அளவுக்குப் பனியைத் தள்ளி வழி செய்தது. லைல் ஒற்றைச் சக்கரம் சரிய, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் நுழைந்து வெளியே வந்தான். வழியெல்லாம் அவன் கடவுளிடம் பேரம் பேசினான். இனி ஆயுசுக்கும் எதுவும் கேட்க மாட்டேன், பிள்ளையை மட்டும் காப்பாற்று என்றான். அழுதான் என்றும் சொல்லிவிடலாம், பார்க்க யாருமில்லை.

டோரி வீட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது மணி இரண்டரை. முதலில் கண்ணில் பட்டது, வீட்டுக்கு முன்னால் பனி மூடி நின்ற கேஸ் லாரி. அடுத்தது படிக்கட்டு. யாரோ சுத்தமாகத் தள்ளி உப்புத் தூவியிருந்தார்கள். சமையலறையில் விளக்கு எரிந்தது. லைல் வண்டியை அணைக்கக்கூட மறந்து கதவைத் திறந்துகொண்டு ஓடினான். தட்டவில்லை.

உள்ளே வெண்ணெய் கருகும் வாசம். கைசா மேஜை மேல் காலை மடக்கி உட்கார்ந்து ஒரு கிண்ணத்திலிருந்து மக்ரோனி தின்றுகொண்டிருந்தாள். அடுப்பு முன்னால் டேரன், தோளில் துண்டோடு.

"அப்பா," என்றாள் கைசா. "இன்னிக்கு வெள்ளிக்கெழமையா?"

"இல்லம்மா. செவ்வாய்க்கெழம."

"அப்ப ஏன் வந்தே?"

கேட்டுவிட்டு அவளே குதித்து வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முன்பல் இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. லைல் அவள் தலையைப் பிடித்து, கைகளைப் பிடித்து, விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் கதகதப்பாக இருந்தன. இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"உன் கை ஐஸு மாதிரி இருக்குப்பா," என்று சொல்லிவிட்டு அவள் மக்ரோனிக்குத் திரும்பிப் போனாள்.

"பூட்ஸோடவே உள்ள வா, பரவால்ல," என்றான் டேரன். "ரோடு எப்படி இருக்கு?"

"மோசம். மரலாரி கவுந்திருக்கு." லைல் மூச்சு வாங்கினான். "நீ எப்படி... கார்லா சொன்னாங்களா?"

"இல்லையே. ஸ்கூல்லேர்ந்து எனக்கு ஃபோன் வந்துச்சு. பக்கத்துத் தெருவுலதான் கேஸ் நிரப்பிட்டு இருந்தேன். அப்படியே வந்துட்டேன்."

"உனக்கு வருமா?"

"செப்டம்பர்லேர்ந்து வருது. டோரிதான் என் நம்பரப் போட்டா. நான் வர முடியாத நாள்ல கார்லாவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடுவேன்." டேரன் கரண்டியைக் கீழே வைத்தான். "உன்கிட்ட சொல்லலையா?"

செப்டம்பர். அப்படியென்றால் இந்தக் குளிர்காலம் முழுக்க அவன் கூப்பிட்டுச் சொன்னபோதெல்லாம் கார்லாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே "என்ன உத்தரவு, மந்திரி" என்று கேட்டிருக்கிறாள். அவமானத்தில் காதெல்லாம் சுட்டது.

டேரனுக்கு அவன் முகம் புரிந்திருக்க வேண்டும். "நான் பாதி நாள் காட்டுக்குள்ள கெடப்பேன், லைல். அங்க சிக்னல் எடுக்காது. ஃபோன் வரும், வராது. நான்தான் சொன்னேன், எதுக்கு ரெண்டு பேரு, என் நம்பர் ஒன்னு போதாதான்னு. டோரிதான் வேணாம்னா. லைல் ஒரு தடவ கூட விட்டதில்ல, அவன் நம்பர் இருக்கட்டும்னு சொன்னா."

அதற்குள் பின்கதவு திறந்து, தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு கார்லா உள்ளே வந்தாள். லைலைப் பார்த்ததும் நின்றாள்.

"உயிரோடதான் இருக்கியா? இவன் வந்து கதவ ஒடைக்கற மாதிரி தட்டி எழுப்பி, கொழந்த என்கிட்ட இருக்கான்னு சொன்னப்பவே யோசிச்சேன். லைல் ஏன் கூப்பிடலன்னு. உன் பட்டறைக்குப் பண்ணா அந்த ஊமை முதலாளி, அவன் எப்பவோ கெளம்பிட்டானேங்கறான். நீ எங்கயோ பள்ளத்துல கெடக்கறியோன்னு போலீசுக்கு ரெண்டு தடவ ஃபோன் பண்ணிட்டேன். என் ஜென்மத்துல போலீசுக்கு ஃபோன் பண்ணதில்ல." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஃபோன் என்ன, ஒடஞ்சு போச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள். லைல் தரையிலிருந்து எழுந்தான்.

"ஒடையல. வேணும்னுதான் கூப்பிடல. நானே வந்து நிக்கணும்னு நெனச்சேன்."

கார்லா தலையில் கட்டியிருந்த பையை அவிழ்த்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள். டேரன் பிள்ளையைப் பார்த்தான், பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வெளியே இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

"நான் தூங்கிட்டு இருந்தேன், தம்பி," என்றாள் கார்லா கடைசியில். குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. "காதுல மெஷின் இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அப்போது டேரனின் ஃபோன் அடித்தது. சிறைச்சாலை வாசல் அலுவலகத்து ஃபோனிலிருந்து டோரி. இடைவேளையில் ஒரு ஃபோன் செய்துகொள்ள விடுவார்கள். டேரன் எடுக்கவில்லை. ஃபோனை லைல் பக்கம் நீட்டினான்.

"நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

லைல் வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனான்.

"டேரன், கொழந்த வந்துட்டாளா? என்னை இன்னொரு ஷிப்டுக்கு நிறுத்திட்டாங்க," என்றாள் டோரி.

"நான் லைல். அவ நல்லா இருக்கா. சாப்பிடறா."

"நீயா? நீ அங்க என்ன பண்றே?"

அவன் சொன்னான். எதையும் விடாமல், பெட்ரோல் பங்க்கைத் தாண்டியது வரைக்கும் சொன்னான். டோரிக்குப் பின்னால் எங்கோ இரும்புக் கதவு ஒன்று திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"டேரன் இன்னிக்குக் காட்டுக்குள்ள இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் திட்டினால் தேவலை என்றிருந்தது லைலுக்கு. திட்டினால் மன்னிப்புக் கேட்கலாம், கெஞ்சலாம். அவள் களைத்துப்போன குரலில் அந்த ஒரே கேள்வியைக் கேட்டாள், அவ்வளவுதான். என் நம்பரை எடுத்துவிடாதே என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான். அந்தக் குரல் ஒன்றுதான் அவனைக் கைசாவின் அப்பா என்று நினைத்துக் கூப்பிடுகிற குரல். அது இல்லையென்றால் பன்னிரண்டு மணிக்கு விட்டாலும் தெரியாது, விடாவிட்டாலும் தெரியாது.

"என் நம்பர எடுத்துடு, டோரி," என்றான்.

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ராத்திரி ஷிப்ட் முடிஞ்சதும் ஆன்லைன்ல மாத்திடறேன்," என்றாள். பிறகு, "ரோடு மூடியிருப்பாங்க. இன்னிக்கு அங்கயே சோஃபால படுத்துக்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

லைல் சமையலறைக்குத் திரும்பினான். கார்லா போய்விட்டிருந்தாள். டேரன் அவனுக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைத்திருந்தான். சோஃபாவில் படு என்றதை லைல் சொன்னான், டேரன் தலையை ஆட்டினான். லைல் உட்கார்ந்து தின்றான். பசித்திருந்தது, அதுவும் அவனுக்கு அவமானமாக இருந்தது.

கைசா நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து அவன் கை மேல் சாய்ந்தாள். ஜன்னலில் பனி அப்பியிருந்தது, வெளியே எதுவும் தெரியவில்லை.

"நாளைக்கு ஸ்கூல் இருக்காப்பா? உனக்குத்தானே மொதல்ல ஃபோன் வரும். வந்ததும் என்னை எழுப்பிச் சொல்றியா?"

லைல் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தான்.

"எனக்கு வராது, கண்ணு," என்றான். "டேரனைக் கேளு. அவருக்குத்தான் வரும்."

அவள் நாற்காலியிலிருந்து இறங்கி டேரனிடம் கேட்கப் போனாள்.